மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

இந்தியாவுக்குப் போய்வந்தவனிடம் எல்லாரும் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. கொடைக்கானல் குளிருமா, மதுரைக் கோபுரம் எவ்வளவு உயரம், மெட்ராஸ் கடற்கரையில் சுண்டல் நன்றாக இருக்குமா, ஒன்றும் தெரியாது. இரண்டு மாத விடுப்பில் போனவன் காரைக்காலில் நாலு தெருக்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த நாலு தெருக்களில் நடைபாதையின் எந்தக் கல் ஆடும், எந்த வீட்டுப் படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

நான் மலேசியாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆள் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. அப்பா சவரிமுத்து, காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் பிறந்தவர். இருபது வயதில் கப்பலேறியவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. எழுபது வயதாகியும் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர் என்பதற்கான அட்டை. நீல அட்டை கேட்டு மனுப் போட்டால், எங்கே பிறந்தாய் என்பதற்குச் சான்று கொண்டுவா என்றார்கள். "பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. பொறந்த பிள்ளைங்க பேரையெல்லாம் எழுதி வச்சிருப்பான். நகல் வாங்கிட்டு வா" என்று அப்பா என்னை அனுப்பினார். எழுபதுகளின் கடைசி அது. ஒரு வாரத்தில் காகிதத்தை வாங்கிக்கொண்டு மீதி நாட்களில் வேளாங்கண்ணி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றுவதாக என் திட்டம்.

முதல் நாள் காலை, விடுதிக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இட்லிக்கு முந்தின நாள் வைத்த மீன் குழம்பை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுப் பழகிய நாக்கு. மூன்றாவது இட்லியில் அப்பாவை நினைத்துக்கொண்டேன். வீட்டில் அம்மா வைக்கும் குழம்பில் இவர் என்ன குறை கண்டுபிடிக்கிறார் என்று நாற்பது வருஷமாகப் புரியாதது அன்றைக்குப் புரிந்தது.

பழைய பதிவேடுகளை வைத்திருந்த அலுவலகத்தில் அமலோர் என்பவரைப் பார்க்கச் சொன்னார்கள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. வருகிறவர்கள் அவரை 'முசே' என்று அழைத்தார்கள். நாம் 'ஐயா' என்பதைப் பிரெஞ்சுக்காலத்து மனிதர்கள் அப்படிச் சொல்வார்களாம். பதிவேட்டை அவர் 'எத்தா சிவில்' என்றார். அந்தப் பிரெஞ்சுக் கையெழுத்தைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

"உங்க தாத்தா பேரு?"

"சின்னப்பன்."

"அது வீட்ல கூப்பிடுற பேரு. ஞானஸ்நானப் பேரு என்ன? அது தெரியாம நான் எந்தப் பக்கத்தைப் பொரட்டுறது? ஊர்ல போயி விசாரிச்சிட்டு வாங்க. பன்னெண்டு மணிக்குள்ள வரணும். மத்தியானம் நான் இங்க இருக்க மாட்டேன்."

மறுநாள் குரும்பகரத்துக்குப் பஸ் ஏறினேன். முந்தின வாரம் பெய்த மழையில் சாலை கரைந்திருந்தது. பாதி வழியில் பஸ்ஸின் பின்சக்கரம் சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினோம். பஸ் நகரவில்லை, என் வேட்டிதான் நிறம் மாறியது. "நாளைக்கு வேணும்னா வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போங்க, அதுதான் நிச்சயம்" என்றார் கண்டக்டர், ஏதோ பஸ்ஸே வேறு யாருடையதோ என்பதுபோல.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஹபீபு நானாவின் கடையில் ஒரு சைக்கிள் எடுத்தேன். அண்ணன் என்பதை அங்கே முஸ்லிம்கள் நானா என்பார்கள். அவர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் காட்டினார். "பிரேக்கு கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும். மணி மட்டும் புதுசு."

குரும்பகரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். அப்பாவின் வீடு இருந்த இடத்தில் நெல் களம் இருந்தது. கோயில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் யோசித்து யோசித்து, தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர் இஞ்ஞாசி என்று சொன்னார். மோர் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். மணி பத்தரை தாண்டிவிட்டது, பன்னிரண்டுக்குள் அமலோரைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

காரைக்காலுக்குள் நுழைந்தபோது பதினொன்றே முக்கால். அலுவலகத்துக்குப் போகும் தெருவில் குழாய் பதிக்க நடுவில் நீளமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளம் நிறைய மழைத்தண்ணீர், ஓரம் நெடுக மண் மேடு. மிச்சமிருந்தது நடைபாதைதான். நாலு பேர் ஒட்டி ஒட்டி நடக்கிற அகலம். எனக்கு முன்னால் போன சைக்கிள்கள் எல்லாம் அதில் ஏறின. நானும் ஏறினேன்.

எங்கள் பக்கத்து நகரமான ஈப்போவில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. அஞ்சடி என்போம். அதில் சைக்கிள் விட்டால் சீனக் கடைக்காரர்கள் துடைப்பத்தோடு வருவார்கள். ஆனால் நான் சைக்கிள் விட்டுப் பழகியது ஈப்போவில் இல்லை, தோட்டத்துச் செம்மண் பாதையில். கிராணி மணி அடித்தால் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பாதையை விட்டுப் புல்லில் இறங்கி நிற்பார்கள். வாளி தூக்கிய பெண்கள்கூட. பதினாறு வருஷம் அப்படியே போய்வந்திருக்கிறேன். அது மணிக்குக் கிடைத்த மரியாதை இல்லை, என் கையிலிருந்த வருகைப் பதிவேட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று அதுவரை யோசித்ததில்லை.

முன்னால் ஒரு பெண் தலையில் மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்தார். மணி அடித்தேன். அவர் இடப்பக்கம் சுவரோரம் ஒதுங்கினார். அங்கே யாரோ ஒரு ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். உடனே வலப்பக்கம் வந்தார். நான் அதற்குள் வலப்பக்கம் புகுந்திருந்தேன். பிரேக் பிடித்தேன், ஹபீபு நானா சொன்ன மாதிரியே அது லேட்டாகப் பிடித்தது.

கைப்பிடி அவர் இடுப்பில் இடித்தது. கூடை பறந்தது. அவர் கையை ஊன்றி விழுந்தார். நான் மண்மேட்டில் விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து பார்த்தபோது அவர் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யோவ், கண்ணு இருக்கா இல்லையா?"

"மணி அடிச்சேங்க" என்றேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

"அடிச்ச. சரி. எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு உன் மணி சொல்லிச்சா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. உயரமான சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அந்தத் தொப்பியும் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதுதான். ஸ்டேஷனுக்கு வா என்று என் சைக்கிளைப் பிடித்தார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, வழக்கு, அப்பாவின் காகிதம் என்று மனம் எங்கெல்லாமோ ஓடியது. அந்தப் பெண்தான் தடுத்தார்.

"ஸ்டேஷன்ல போயி நான் உக்காந்தா மீனை யாரு விக்கிறது? நாறிடும். அவரு எங்கயும் ஓட மாட்டாரு. மொதல்ல பள்ளத்துல கெடக்குற மீனைப் பொறுக்கச் சொல்லுங்க."

முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சங்கராவையும் மத்தியையும் பொறுக்கினேன். எதிர்வீட்டு அம்மாள் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அலசிக் கொடுத்தார். கூடையை அவர் வீட்டு வாசலிலேயே ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அவர் பெயர் காத்தாயி. கருக்களாச்சேரி என்கிற மீனவர் ஊர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மணிக்கட்டில் எலும்பு ஒடிந்திருக்கிறது என்றார். மாவுக்கட்டுப் போட்டார்கள். ஐந்து வாரம் அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது. "நேரா கூடுமா?" என்று கேட்டேன். "கூடணும்" என்றார் டாக்டரம்மா. கூடும் என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பையிலிருந்து பணத்தை எடுத்தேன். காத்தாயி அக்கா அதைப் பார்த்த பார்வையில் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரிச் செலவு ஒங்களுது. அதை நான் வேணாம்னு சொல்லல. ஆனா என் தெருவுக்கு யாரு போறது? நாலு நாள் நான் போகலன்னா வேற ஒருத்தி கூடையோட வந்து நிப்பா. அப்புறம் ஐஞ்சு வாரம் கழிச்சு நான் போனா, வேணாம் காத்தாயி, வாங்கியாச்சும்பாங்க. இருவது வருசமா நடந்து புடிச்ச வீடுங்க."

"என்ன செய்யணும் சொல்லுங்க."

"கூடையைத் தூக்கிட்டு வாங்க."

தூக்கினேன். சைக்கிளின் முன்சக்கரம் கோணிப்போயிருந்ததால் தலையில்தான். சும்மாட்டை அவர் ஒற்றைக் கையால் சுற்றி என் தலையில் வைத்தார். மீன் தண்ணீர் பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. தோட்டத்துக் கிராணி, பாக்கெட்டில் பேனா, தலையில் மீன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், எல்லாரும் ராத்தா, அதாவது அக்கா, என்று அழைக்கும் ஒரு முஸ்லிம் அம்மாள் கதவைப் பாதி திறந்து, "என்ன காத்தாயி, ஆளு வச்சிக்கிட்டியா?" என்றார். "ஆமா ராத்தா, மலேயாவுலேர்ந்து வரவழைச்சேன்" என்றார் இவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

தலையில் சுமை இருக்கும்போது குனிய முடியாது. கழுத்தைத் திருப்ப முடியாது. கால் எங்கே வைக்கிறோம் என்பது காலுக்குத்தான் தெரியும். அப்படிப் போய்க்கொண்டிருக்கையில் பின்னால் மணிச்சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் விறைத்துவிட்டது. இடமா, வலமா? எவ்வளவு தூரத்தில்? ஒரு சைக்கிளா, இரண்டா? நின்ற இடத்தில் நின்றேன். முழங்கையை உரசிக்கொண்டு ஒருவன் போனான். அவனும் மணி அடித்தவன்தான். கடமையை முடித்துவிட்ட நிம்மதியோடு போனான்.

அன்றைக்கு அலுவலகம் போகவில்லை. மறுநாள் காலை அமலோரிடம் இஞ்ஞாசி என்ற பெயரைச் சொல்லிவிட்டு நேரே காத்தாயி அக்காவைப் பார்க்கப் போனேன். ஹபீபு நானா சக்கரத்தை நிமிர்த்துக் கொடுத்து, பிரேக்கையும் முறுக்கியிருந்தார். "தப்பு என் பேர்லயும் இருக்கு. அந்தப் பிரேக்கோட வண்டியைக் குடுத்திருக்கக் கூடாது" என்று அவராகவே சொன்னார். கூடையைக் கேரியரில் கட்டி, நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் வர, காத்தாயி அக்கா சுவர்ப்பக்கம் நடந்தார். கையைத் துணியில் தூளி கட்டி மாட்டியிருந்தார்.

அவர் மீனை வெட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் செய்தார். வெட்டுவது என் வேலையானது. முதல் நாள் நான் செதில் எடுத்த சங்கராவை ஒரு வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இது சங்கராவா, இல்ல சண்டையில செத்ததா?" என்றார் காத்தாயி அக்கா.

நடைபாதையில் போகிறவர்களைப் பற்றி அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பால்காரர் வளைவுக்கு முன்பே குரல் கொடுத்துவிடுவார், அவர் நல்லவர். கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் கூட்டத்தைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார், அவர் ரொம்ப நல்லவர். இரண்டு பேர் பேசிக்கொண்டே ஜோடியாகச் சைக்கிளில் வந்தால் அன்றைக்குச் சனியன். ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றி நிறுத்துகிறவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு மட்டும் மீனை வாசலில் கொடுக்காமல், தெருவிலிருந்தே கூப்பிட்டு வரவழைத்துக் கொடுப்பார். "வண்டியைத் தாண்டி என்னால வர முடியலம்மா" என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். எட்டாம் நாள் ஸ்கூட்டர் வீட்டுக்குள் போய்விட்டது.

"எல்லாத்தவிட மோசம் பர்தோன்காரரு" என்றார் ஒருநாள்.

"அது யாரு?"

"பத்து மணிக்கு வருவாரு பாருங்க. பர்தோன், பர்தோன்னு சொல்லிக்கிட்டே நேரா உள்ள பூந்துருவாரு. மன்னிச்சுக்கன்னு அர்த்தமாம். மொதல்ல மன்னிப்பு, அப்புறம் இடி."

அந்த மனிதரை ஆறாம் நாள் பார்த்தேன். நாங்கள் அதே பள்ளத்துத் தெருவில் வந்துகொண்டிருந்தோம். பின்னால், "பர்தோன்! பர்தோன்!" என்று கணீரென்று ஒரு குரல். காத்தாயி அக்கா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டினார். அந்த அசைவைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆனது. யோசிக்கவில்லை. என் சைக்கிளை நடைபாதைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினேன்.

வந்தவர் பிரேக் பிடித்துத் தடுமாறி மண்மேட்டில் காலை ஊன்றினார். மேடு சரிந்தது. ஒரு கால் முழங்கால் வரை பள்ளத்துத் தண்ணீரில் இறங்கிவிட்டது. மடிப்புக் கலையாத கால்சட்டை. முசே அமலோர்.

என் அப்பாவின் நீல அட்டை அந்தத் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது.

"நீங்க அந்த மலேயாக்காரர்தானே?" என்றார். "குறுக்க நிறுத்துறீங்களே, என்ன இது?"

"அந்த அக்காவுக்குக் கை ஒடிஞ்சிருக்கு சார்."

"நான்தான் பர்தோன் சொன்னேனே!"

"சொன்னீங்க சார். நானும் அன்னைக்கு மணி அடிச்சேன். அந்தக் கையை ஒடிச்சது நான்தான்."

அவர் காத்தாயி அக்காவின் கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காத்தாயி அக்கா மெதுவாகத்தான் பேசினார். "இருவது வருசமா சொல்றீங்க முசே. ஒரு நாளும் நிறுத்துனதில்ல. நீங்க சொல்லும்போதே நான் ஒதுங்கியாகணும். ஒதுங்குறதுக்கு எனக்கு எடம் இருக்கான்னு நீங்க பாக்குறதில்ல."

அமலோர் பள்ளத்திலிருந்து காலை எடுத்தார். காலை உதறிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே போய்விட்டார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். "கிடைக்கல. தேடணும்" என்றார், தலை நிமிராமல். அதற்கு மறுநாளும் அதே பதில். மூன்றாம் முறை போனபோதும் அதே. பழிவாங்குகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. விடுதிக்கு வந்து அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? உங்கள் காகிதத்தை நான் ஒரு பள்ளத்தில் தள்ளிவிட்டேன் என்றா? எழுதாமல் மூடி வைத்தேன்.

காத்தாயி அக்காவிடம் சொன்னேன். "அப்படிப்பட்ட மனுசன் இல்ல அவரு" என்றார். "இடிப்பாரு. வஞ்சம் வைக்க மாட்டாரு."

அவர் சொன்னது சரி. பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, அமலோர் ஒரு கனத்த பதிவேட்டை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல்களில் பழைய காகிதத்தின் தூள். "உங்க அப்பா பேரு சவரிமுத்துன்னு இல்ல. எழுதினவன் பிரெஞ்சுக்காரன், சவரிங்கிற புனிதர் பேரை அவங்க எக்ஸ்ல ஆரம்பிச்சுத்தான் எழுதுவாங்க. எஸ் எழுத்துல தேடித் தேடிப் பார்த்தேன், எக்ஸ் எழுத்துல இருக்கு. சாயந்தரமும் உக்காந்து அஞ்சு வருஷப் பக்கத்தைப் பொரட்டியாச்சு." பிறகு அந்தப் பக்கத்தை எனக்காக வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இஞ்ஞாசி என்கிற உழவன், குரும்பகரவாசி, காலை ஆறு மணிக்குத் தனக்கு ஆண்பிள்ளை பிறந்ததாகத் தெரிவித்து, கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னான்.

நான் எழுந்து நின்று கும்பிட்டேன். நான் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. நகலில் முத்திரை குத்தும்போது அவராகவே கேட்டார். "அந்தம்மாவுக்குக் கை எப்படியிருக்கு?"

"கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரத்துக்கு மேல ஆகும் சார்."

"நீங்க எப்ப ஊருக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. காகிதம் கைக்கு வந்துவிட்டது. மறுநாளே வேளாங்கண்ணிக்குக் கிளம்பலாம். அன்று மதியம் கருக்களாச்சேரியில் காத்தாயி அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு. அவர் புருஷன் மாணிக்கம் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர். காரப்பொடி மீன் குழம்பும் சுடுசோறும். இடது கையால் காட்டிக் காத்தாயி அக்கா சொல்லச் சொல்ல, குழம்பு வைத்தவர் மாணிக்கம்தான். உப்பு கூடுதல். மூன்று பேரும் சோற்றை அதிகமாகப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றும்போது அவர் சொன்னார், "தம்பி இருக்கிறதால எங்க பொழப்பு ஓடுது. நான் விடியக்காலையில கடலுக்குப் போயிட்டு வந்து வலையைப் பாக்கணும். எனக்குத் தெருவுல போயி விக்கத் தெரியாது."

நான் கிளம்பப் போவதை அப்போது சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அவர்களுக்கு நான் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவேன் என்று இழுத்தேன். என்ன ஏற்பாடு என்று எனக்கே தெரியாது.

காத்தாயி அக்கா கோபப்படவில்லை. "நல்லபடியா போயிட்டு வாங்க. நீங்க பத்து நாள் தள்ளுனதே பெருசு. வேற ஆளா இருந்தா அன்னைக்கே மறைஞ்சிருப்பாங்க" என்றார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு தம்பி. நீங்க போனப்புறம் நான் என்ன செய்யப்போறேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறம் கிளம்புறேன்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.

மணி அடித்துவிட்டுப் போகிறவனைப்போல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் நகலைப் பதிவுத் தபாலில் அன்றே அனுப்பிவிட்டேன். வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் போகவில்லை. மூன்று வாரத்துக்குமேல் தினமும் காலையில் கருக்களாச்சேரிக்குப் போய்க் கூடையைக் கட்டிக்கொண்டு, அந்த நாலு தெருக்களில் சைக்கிளைத் தள்ளினேன். பெரிய தியாகம் என்று சொல்லமாட்டேன். மூன்றாம் வாரம் எனக்கே அதில் ஒரு சுகம் வந்துவிட்டது. செதில் எடுக்கப் பழகிவிட்டேன். ஒரு பாட்டில் ஊறுகாயும், ஒரு வீட்டில் பிரெஞ்சு ரொட்டியும், ராத்தா வீட்டில் ஒரு நாள் நெய்ச்சோறும் கிடைத்தன. நடைபாதையில் எதிரே வருகிறவரின் கண்ணைப் பார்த்து, நீங்கள் முதலில் வாருங்கள் என்று தலையசைப்பது எவ்வளவு சின்ன வேலை என்று தெரிந்தது. அதற்குச் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாரும் தடங்கலாகத் தெரிகிறார்கள்.

அமலோர் மூன்று நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நாலாம் நாள் பழையபடி ஏறிவிட்டார்; எங்களைக் கண்டால் மட்டும் இறங்குவார். காத்தாயி அக்காவுக்கு அது ஆச்சரியமே இல்லை. "நம்மளக் கண்டா மட்டும் எறங்குறாரு பாருங்க. அதுவே போதும்" என்றார். "அதுவே போதுமா?" என்றேன். "ஒரு ஆளு ஒரு எடத்துல எறங்குனா, பின்னால வர்றவனும் எறங்கித்தானே ஆகணும்?"

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மீன் கூடையை ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தோம். உள்ளே மாவுக்கட்டை வெட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோபோல் வெளியே வந்தது. டாக்டரம்மா விரல்களை மடக்கச் சொன்னார். மடங்கின. மணிக்கட்டைத் திருப்பச் சொன்னார். பாதி திரும்பியது. அங்கே நின்றது. மணிக்கட்டில் எலும்பு லேசாகப் புடைத்து, கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கூடிருச்சு. கொஞ்சம் கோணல் இருக்கும். ஒரு வாரம் கையில எதையும் தூக்காம இருங்க, அப்புறம் வேலை செய்யலாம். முழுசா நேராகாது" என்றார் டாக்டரம்மா.

காத்தாயி அக்கா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஐந்து வாரமாக எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது: கட்டைப் பிரித்ததும் கை நேராக இருக்கும், நான் செய்தது துடைத்த மாதிரி ஆகிவிடும். அப்படி எதுவும் ஆகவில்லை. அந்தக் கை இனி அப்படித்தான்.

வராந்தாவுக்கு வந்தோம். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மூஞ்சிய எதுக்கு இப்படி வச்சிக்கிறீங்க? வெயில் ஏறுது. கூடையைத் தூக்கி விடுங்க" என்றார்.

"டாக்டரம்மா இன்னும் ஒரு வாரத்துக்கு..."

"கையில தூக்கக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. தலைக்கு என்ன வந்துச்சு?"

சும்மாட்டை அவரே சுற்றி வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். எடை இறங்கியதும் கழுத்து ஒருமுறை அசைந்து நின்றது. இடது கையால் விளிம்பைப் பிடித்தார். பிறகு அந்தக் கோணல் கையை மெல்ல உயர்த்தினார். பாதி உயரத்தில் வலித்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்தார். மறுபடி உயர்த்தினார். விரல்கள் விளிம்பைத் தொட்டன, பிடித்தன.

"வர்றேன் தம்பி. அப்பாவைக் கேட்டதா சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடைபாதையில் ஏறி நடந்தார். கூடவே போக என் கால் ஒரு அடி எடுத்தது. நிறுத்திக்கொண்டேன். அவர் முனை திரும்பியதும் ஆள் மறைந்தார். "மீனு... சங்கரா மீனு..." என்று குரல் மட்டும் கேட்டது. அது அடுத்த தெருவுக்குள் போய்த் தேய்கிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்தேன்.